பெற்ற பணியை இழக்காதீர்
மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இந்நாளில், கல்வியால் நாம் அடைந்தவற்றை எண்ணி மகிழ்வது இயல்பு. ஆயினும் வெள்ளிவிழா என்பது மகிழ்ச்சிக்குரிய நாளாக மட்டுமன்றிக் கணக்குப் பார்க்கும் நாளாகவும் இருத்தல் வேண்டும். எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குச் சென்றார்கள் என்று கேட்கும் நாம், விடுபட்டுப் போனவர் யார் என்றும் கேட்டாக வேண்டும். அவ்வாறு கேட்கும்பொழுது, நம் தெருக்களில் வீட்டுத் திண்ணைகளிலேயே வாழ்நாளைக் கழிக்கும் உடற்குறையுற்ற பிள்ளைகளும், பணியிலிருக்கையில் கையோ காலோ கண்ணோ பழுதுற்றதால் வேலையைத் துறந்து வீடு திரும்பிய உழைப்பாளிகளும் நம் கண்முன் நிற்கின்றனர். இவர்களுக்குச் சட்டம் என்ன பாதுகாப்பு அளித்திருக்கிறது, பணியிடத்தில் இவர்கள் எதைக் கேட்டுப் பெறலாம் என்பனவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. முன்னர் ஊனமுற்றோர் என்று வழங்கிய இடத்தில், 2010ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகள் என்னும் சொல்லை வழங்கி வருகிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பர். இழிபெயரிட்டு அழைக்கப்படுவதன் வலியைத் தலைமுறை தலைமுறையாய் அறிந்த நாம் அவ்வாறு கேட்க முடியாது.

இது நம் கவலையாவது ஏன்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் உடற்குறை அல்லது மனக்குறை உடையோர் 2 கோடியே 68 இலட்சம் பேர். இஃது அன்றைய மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே மட்டும் தனித்துக் கணக்கிட்டால் இது 2.45 விழுக்காடாக உயர்கிறது. அதாவது, நாடு முழுவதற்கும் ஆயிரம் பேருக்கு 22 பேர் எனின், நம்மிடையே 24 பேருக்கும் மேல். அக்கணக்கெடுப்பு குறைபாடுகளை 8 வகையாகவே பகுத்தது. இன்றைய சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே உண்மைத் தொகை இதனினும் மிகுதியாகவே இருக்கும்.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? இயற்கை சாதி பார்த்துக் குறை வைப்பதில்லை. ஆனால் வேலை சாதி பார்த்துப் பங்கிடப்பட்டது. கல்லுடைக்கும் குழியிலும், செங்கல் சூளையிலும், தோல் பதனிடும் தொட்டியிலும், கதிரடிக்கும் இயந்திரத்தின் வாயிலும், கழிவுநீர்க் குழாயின் ஆழத்திலும் நின்றவர்கள் யாவர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. கருவுற்ற தாய்க்குப் போதிய உணவில்லை. பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவமனை தொலைவு. அடிபட்டவனுக்கு உரிய நேரத்தில் சிகிச்சையில்லை. இத்தனையும் சேர்ந்தே மேற்சொன்ன வேறுபாட்டை உண்டாக்கின. எனவே மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்பது நம் சமுதாயப் பிரச்சினைக்குப் புறம்பானதன்று. அதன் ஒரு கிளையே ஆகும்.

குறை உடலிலா, படிக்கட்டிலா?

சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் அலுவலகத்தின் முன்னுள்ள 6 படிகளை ஏற முடியாமல் நிற்கிறார். அவரால் ஏற இயலவில்லை என்று சொல்வது ஒரு முறை. அங்கே சாய்தளம் இல்லை என்று சொல்வது மற்றொரு முறை. முதற் கூற்று குற்றத்தை மனிதரின் உடலில் வைக்கிறது. இரண்டாவது கூற்று கட்டடத்தில் வைக்கிறது. பொதுக் கிணற்றில் நாம் நீர் எடுக்க இயலாமற் போனது நம் கைகளின் குறையாலன்று, கிணற்றைச் சுற்றி நின்ற மனிதர்களின் மனக்குறையால் என்பதை அண்ணல் அம்பேத்கர் நமக்கு உணர்த்தினார். அவ்வுண்மையை அறிந்தவர்களுக்கு இதனைப் புரிந்துகொள்வது எளிது.

ஐக்கிய நாடுகள் அவை 2006ஆம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதனை 2007 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. குறை என்பது உடலில் மட்டும் இல்லை, உடற்குறைக்கும் சமூகத் தடைக்கும் இடையே பிறப்பது என்பதே அவ்வுடன்படிக்கையின் அடிப்படை.

நம் அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு, வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் மக்களுக்கு அரசு துணைநிற்க வேண்டும் எனக் கூறுகிறது. ஆனால் அது நெறிமுறைக் கோட்பாடு. அதனைக் காட்டி நீதிமன்றத்தில் நேரே வழக்காட இயலாது. அதன்பின் 45 ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டில்தான் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு முழுமையான சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் மேலும் விரிவான உரிமைகள் சட்டம் 2016 டிசம்பரில் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. இன்று நாம் கையிலேந்த வேண்டிய கருவி இந்த 2016ஆம் ஆண்டுச் சட்டமே.

பெற்ற பணியை இழக்காதீர்

இச்சட்டத்தில் நம் மக்கள் யாவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அது 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு. பணியில் இருக்கும் காலத்தில் ஒருவருக்கு உடற்குறையோ மனக்குறையோ ஏற்படுமாயின், அந்தக் காரணத்தால் அரசு நிறுவனம் எதுவும் அவரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்று அது விதிக்கிறது.

அவர் பார்த்து வந்த வேலையை இனிப் பார்க்க இயலாது எனின் என்ன செய்வது? அதற்கும் சட்டமே விடை கூறுகிறது. அதே ஊதிய விகிதமும் அதே பணிப்பயன்களும் உள்ள வேறொரு பணிக்கு அவரை மாற்ற வேண்டும். அத்தகைய பணியிடம் காலியாக இல்லை எனின், கூடுதல் பணியிடம் ஒன்றைத் தோற்றுவித்து, தகுந்த இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ, எது முன்னதோ அதுவரை, அவரை அதில் வைத்திருக்க வேண்டும். அரசுத் துறைகளேயன்றி, அரசுக்குச் சொந்தமான கழகங்களும், நகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளும், அரசின் நிதியுதவி பெறும் நிறுவனங்களும் அரசு நிறுவனம் என்னும் சொல்லுக்குள் அடங்கும். பணியின் தன்மை கருதி அரசு அறிவிக்கை வெளியிட்டுச் சில நிறுவனங்களுக்கு விலக்களிக்கலாம். அவ்வாறு விலக்களிக்கப்படாத இடங்களில் எல்லாம் இவ்விதி பொருந்தும்.

இது வெறும் எழுத்தன்று என்பதற்குக் குணால் சிங் வழக்கு சான்று. அவர் மத்திய அரசின் படைப்பிரிவொன்றில் காவலர். பணியின்பொழுது காலில் அடிபட்டு, புண் முற்றி, இடது கால் நீக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் உடல் தகுதியற்றவர் எனக் கூறி அவரை வீட்டுக்கு அனுப்பினர். உயர்நீதிமன்றத்தில் அவர் தோற்றார். ஆனால் உச்சநீதிமன்றம் 2003 பிப்ரவரியில், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவை எடுத்துக்காட்டி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோமே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓய்வூதியம் வேறு, பணியில் தொடரும் உரிமை வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அண்மையில், 2025 ஆகஸ்டில், தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஓட்டுநர் ஒருவர் வழக்கிலும் உச்சநீதிமன்றம் இவ்வழியே சென்றது. 2014ஆம் ஆண்டில் பணியமர்ந்த அவர் நிறக்குருடு உடையவர் எனப் பின்னர் கண்டறியப்பட்டு, பணியிலிருந்து ஓய்வளிக்கப்பட்டார். மாற்றுப்பணி கொடுக்க இயலுமா என்று உண்மையாகத் தேடிப் பார்க்காமலேயே ஒருவரை வெளியேற்றுவது முறையன்று எனக் கூறிய நீதிமன்றம், அவருக்கு மாற்றுப்பணி வழங்க ஆணையிட்டது. இவ்வழக்கில் அவருக்குப் பெரிதும் துணைநின்றது 1979ஆம் ஆண்டில் தொழிற்சங்கத்துடன் செய்துகொள்ளப்பட்ட ஓர் ஒப்பந்தம் என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அன்று சங்கமாய் நின்றவர்கள் இட்ட கையெழுத்து, அவர்கள் முகமறியாத ஒருவரின் வேலையை 46 ஆண்டுகள் கழித்துக் காப்பாற்றியது.

அன்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டியிருக்கிறது. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும் தொழிலாளியிடம், உடல்நலம் கருதி விருப்ப ஓய்வு கோருகிறேன் என்று எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர்கள் உண்டு. வாரிசுக்கு வேலை தருகிறோம் என்று வாய்ச்சொல் கூறுவோரும் உண்டு. துயரத்தில் இருக்கும் குடும்பம் தாளைப் படித்துப் பார்ப்பதில்லை. சட்டம் நீக்கக்கூடாது என்கிறது. ஆனால் தானாக விலகியவரை அது எளிதில் காப்பாற்றாது. ஆகவே அத்தகைய தாள் எதிலும் விபத்து நேர்ந்த வேதனையில் கையெழுத்திட வேண்டா. படித்த ஒருவரிடம் காட்டுங்கள்; நம் சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள். அதற்குப் பதிலாக, 20ஆம் பிரிவின்படி மாற்றுப்பணி வழங்க வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். அந்த ஒரு விண்ணப்பமே பின்னர் உங்கள் வழக்கின் அடித்தளமாகும்.

பணியிடத்தில் கேட்டுப் பெற வேண்டியவை

பணியில் இருப்பது மட்டும் போதாது. பணியைச் செய்வதற்கு ஏற்ற சூழ்நிலையும் வேண்டும். தக்க வசதி செய்து தருதல் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி. மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களுக்கு நிகராகப் பணியாற்றுவதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களை, நிறுவனத்தின்மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றாத வகையில் செய்து தருவதே இதன் பொருள். அதனைச் செய்ய மறுப்பதையே பாகுபாடு என்று சட்டம் வரையறுக்கிறது என்பது முக்கியமானது.

இது பெரும் பொருட்செலவு பிடிக்கும் காரியம் என்று எண்ண வேண்டா. நடக்க இயலாதவரின் இருக்கையை மாடியிலிருந்து தரைத்தளத்திற்கு மாற்றலாம். காது கேளாதவருக்கு வாய்மொழி உத்தரவை எழுத்தில் தரலாம். பார்வையற்றவரின் கணினியில், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளை ஏற்றலாம். நின்றே வேலை செய்யும் இடத்தில் ஒரு முக்காலியைப் போடலாம். கழிவறையின் படியை இடித்துச் சமன் செய்யலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணத்தைவிட மனமே தேவை.

உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் இதனைத் தெளிவுபடுத்தியது. எழுதும்பொழுது விரல்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும் குறைபாடு உடைய அவர், குடிமைப்பணித் தேர்வில் தமக்குப் பதிலாக எழுதுபவர் ஒருவர் வேண்டும் என்று கேட்டார். சட்டம் குறிக்கும் அளவில் குறைபாடு இல்லை என்று கூறி மறுத்தனர். இட ஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு வேண்டும் என்பது உண்மை. ஆனால் தக்க வசதி என்னும் உரிமை குறைபாடு உடைய எல்லோருக்கும் உரியது, அதற்கு அந்த அளவுகோல் தேவையில்லை என்று நீதிமன்றம் கூறியது.

அத்தீர்ப்பு நம் மாநிலத்தைச் சார்ந்த மற்றொரு வழக்கையும் தொட்டது. தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதி பதவிக்குப் பார்வைக் குறைபாடு 50 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவர் தகுதியற்றவர் என்ற வரம்பை உச்சநீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் சரியெனக் கூறியிருந்தது. தக்க வசதி என்னும் கோட்பாட்டை எண்ணிப் பாராத அத்தீர்ப்பை இனி முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்று 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு உரைத்தது. பின்னர் 2025 மார்ச் மாதத்தில், பார்வையற்றவர் என்னும் காரணத்தால் மட்டும் ஒருவரை நீதித்துறைப் பணிக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கலாகாது என்றும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 6 ஆண்டுகளுக்குள் சட்டம் எவ்வளவு தொலைவு நடந்துள்ளது பாருங்கள். அது தானாக நடக்கவில்லை. மறுக்கப்பட்டவர்கள் மீண்டும் மீண்டும் கதவைத் தட்டியதால் நடந்தது.

இவ்வசதிகளைச் சலுகை என்று சொல்வோர் இருப்பர். இட ஒதுக்கீட்டையும் அவ்வாறே சொல்லக் கேட்டுப் பழகிய செவிகள் நம்முடையவை. சமமாக ஓடுவதற்குத் தடையை நீக்குவது சலுகையாகாது என்று நாம் அன்றும் சொன்னோம், இன்றும் சொல்வோம்.

பாவும் ஊடையும்

இனி, வேலை தேடும் இளைஞர்களுக்கு. அரசு நிறுவனங்களில் ஒவ்வொரு பணித் தொகுதியிலும் 4 விழுக்காட்டுக்குக் குறையாமல், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோருக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுகிறது. பார்வைக் குறைபாடு உடையோருக்கு 1. செவிக் குறைபாடு உடையோருக்கு 1. கை கால் இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம், தொழுநோயிலிருந்து குணமடைந்தோர், குள்ளத்தன்மை, தசைச்சிதைவு, அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு 1. புற உலகச் சிந்தனைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1 என அது பகுக்கப்படும். தகுந்தவர் கிடைக்கவில்லை எனின் அவ்விடத்தை உடனே பிறருக்குக் கொடுத்துவிட முடியாது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நம் பிள்ளைகளிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஆதிதிராவிடருக்குரிய ஒதுக்கீட்டில் கேட்பதா, மாற்றுத்திறனாளிக்குரிய ஒதுக்கீட்டில் கேட்பதா என்று மயங்கி, ஒன்றை மட்டும் எழுதி மற்றொன்றை விட்டுவிடுகின்றனர். தறியில் பாவுநூல் நீளவாட்டில் ஓடும். ஊடைநூல் குறுக்கே ஓடும். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. பின்னிச் சேர்ந்தே துணியாகின்றன. சாதிவாரி ஒதுக்கீடு பாவு. மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீடு ஊடை. 1992ஆம் ஆண்டு இந்திரா சகானி வழக்கில் 9 நீதிபதிகள் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு இதனையே விளக்கியது. மாற்றுத்திறனாளிகள் இடத்துக்குத் தேர்வானவர் பட்டியல் சாதியினராயின், அவர் பட்டியல் சாதியினருக்குரிய இடத்தில் வைத்து எண்ணப்படுவார். பொதுப்பிரிவினராயின் பொதுப்பிரிவில் எண்ணப்படுவார். எனவே விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். சாதிச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி சான்றிதழ் ஆகிய இரண்டையும் இணையுங்கள்.

கல்வியிலும் இவ்வாறே. அரசின் உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுவனவற்றிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடமும், 5 ஆண்டு வயதுத் தளர்வும் சட்டத்தில் உண்டு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அவர்களது உரிமை. பட்டியல் சாதியினருக்குக் குறைந்தபட்ச மதிப்பெண்ணில் தளர்வு தரப்படும் இடங்களில், மாற்றுத்திறனாளிகளுக்கும் அதே தளர்வு வேண்டும் என்று சண்டிகரைச் சார்ந்த மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2020 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. ஒடுக்கப்பட்டோர் இருவரையும் ஒரே நிரையில் வைத்து நோக்கிய தீர்ப்பு அது.

சட்டம் எட்டாத இடங்கள்

உள்ளதை உள்ளவாறே சொல்வது நம் கடமை. பணியிலிருந்து நீக்கலாகாது என்ற 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களையே கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று 21ஆம் பிரிவு கூறுகிறது. 20 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனமாயின் அக்கொள்கையில் என்னென்ன வசதிகள் செய்யப்பட்டுள்ளன என்பதும், இதற்கெனப் பொறுப்பான அலுவலர் யார் என்பதும் இடம்பெற வேண்டும். ஆனால் 4 விழுக்காடு ஒதுக்கீடு தனியாருக்குக் கட்டாயமில்லை.

நம் மக்கள் நிரந்தரப் பணியாளராய் இருந்த துப்புரவுப் பணிகள் பல இன்று ஒப்பந்ததாரர் கைக்குச் சென்றுவிட்டன. நிரந்தரப் பணியாளருக்குக் கிடைக்கும் மாற்றுப்பணிப் பாதுகாப்பு, அதே தெருவில் அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எளிதில் கிட்டுவதில்லை. ஆகவே ஒப்பந்தமுறையை எதிர்த்து எழும் குரல் கூலிக்கான குரல் மட்டுமன்று, அடிபட்ட பின்னும் வாழும் உரிமைக்கான குரலுமாகும் என்பதை நாம் உணர வேண்டும்.

எனினும் இவர்களுக்கு வழியே இல்லை எனக் கருத வேண்டா. வேலையின் காரணமாகவும் வேலையின்பொழுதும் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் 1923ஆம் ஆண்டு முதல் இருந்து வந்தது. அவ்விதிகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தொழிலாளர் காப்பீட்டில் பதிவு பெற்றவருக்குச் சிகிச்சையும், நிலையான உடற்குறைக்கு மாதந்தோறும் தொகையும் உண்டு. பதிவு எண் இருக்கிறதா என்று வேலையில் சேர்ந்த அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட பின் கேட்டால் பெயரே ஏட்டில் இல்லை என்பர்.

கழிவுநீர்க் குழாயில் இறக்கப்படுவோர் பற்றி உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பை நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாயும், நிலையான உடற்குறையால் பிழைக்க வழியற்றுப் போனவருக்கு 20 இலட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், பிற உடற்குறைகளுக்கு 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாமலும் வழங்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி மனிதரை அதில் இறக்குவதே 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை முதலில் நினைவிற் கொள்க. இழப்பீடு என்பது குற்றத்துக்குப் பின் வருவது. நம் கோரிக்கை அக்குற்றமே நிகழக்கூடாது என்பது.

எங்கே முறையிடுவது?

உரிமை இருந்தும் வழி தெரியாவிடில் பயனில்லை. ஆதலின் வழியை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, சான்றிதழ். அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்து, குறைபாட்டின் விழுக்காட்டுடன் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற வேண்டும். இது கையில் இல்லாமல் இட ஒதுக்கீடோ உதவித்தொகையோ இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சார்ந்த மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுகினால் வழிகாட்டுவார்.

இரண்டாவது, ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 23ஆம் பிரிவு கூறுகிறது. அவரிடம் எழுத்தில் முறையீடு கொடுங்கள். பதிவான நாளிலிருந்து 2 வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதில் மனநிறைவு இல்லையேல் மாவட்டக் குழுவிடம் செல்லலாம்.

மூன்றாவது, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். விசாரணைக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால், உரிய அதிகாரி 3 மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்து அறிவிக்க வேண்டும். ஏற்கவில்லை எனின் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன்பின்னும் உயர்நீதிமன்றம் இருக்கிறது.

நான்காவது, இழிவுபடுத்தல். மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதித்தாலோ மிரட்டினாலோ, 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு என 92ஆம் பிரிவு கூறுகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை அறிந்த உங்களுக்கு இச்சொற்கள் பழக்கமானவையாகத் தோன்றும். இரு சட்டங்களும் ஒரே கொடுமையின் இரு முகங்களைக் கண்டு எழுந்தவை. நம்முள் ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து இழைக்கப்படுமாயின் இரண்டு சட்டங்களின் கீழும் புகார் எழுதலாம். பட்டியல் சாதியைச் சார்ந்த, பார்வையற்ற பெண் ஒருவருக்கு நேர்ந்த கொடுமை பற்றிய வழக்கில், உச்சநீதிமன்றம் 2021 ஏப்ரலில், சாதி, பால், உடற்குறை ஆகிய மூன்றும் ஒருவர்மேல் ஒன்றாய் வந்து விழும்பொழுது அத்துன்பத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க இயலாது என்று விரிவாக எடுத்துரைத்தது.

நம் வீட்டுக் கணக்கு

இதுவரை அரசையும் முதலாளிகளையும் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றியும் பேச வேண்டும். பெயர் சொல்லி அழைக்காமல் நொண்டி என்றும் குருடன் என்றும் ஊமை என்றும் அழைக்கும் வழக்கம் நம் தெருக்களிலும் இருக்கிறது. சாதிப்பெயர் சொல்லி இழித்தபொழுது நாம் துடித்தோமே, அதே துடிப்பு அந்தப் பிள்ளைக்கும் இராதா? உடற்குறையுள்ள பெண்பிள்ளையை, பாதுகாப்பு என்ற பெயரால் 5ஆம் வகுப்போடு நிறுத்திவிடும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். மனநோய் கண்டவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாமல் கோயில் வாசலில் கட்டி வைப்போரும் உள்ளனர். ஊர் நம்மை ஒதுக்கியது குற்றமெனில், நாம் நம்மவரை ஒதுக்குவதும் குற்றமே.

ஆகவே இவ்வெள்ளிவிழா ஆண்டில் நம் சங்கத்தின் முன் சில பணிகளை வைக்கிறோம்.

நம் தெருக்களில் வாழும் மாற்றுத்திறனாளிகள் அனைவரின் பெயர், வயது, கல்வி, சான்றிதழ் உண்டா இல்லையா என்னும் விவரங்களை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் இதனை ஒரு மாத விடுமுறையில் முடித்துவிடலாம். சான்றிதழ் இல்லாதவர்களை ஒரே நாளில் வண்டி அமர்த்தி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தேர்வெழுத இயலாத மாணவர்களுக்கு எழுதித் தருவதற்கு, நம் மாணவர்களில் நல்ல கையெழுத்து உடையோர் முன்வர வேண்டும். பிறருக்காக 3 மணி நேரம் எழுதுவது சிறந்த கல்வித் தொண்டு.

நம் மாலைநேர வகுப்புகள் நடைபெறும் இக்கட்டடத்தின் வாயிலில் சாய்தளம் ஒன்று அமைக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் சாய்தளம் கேட்கும் நமக்கு, நம் வாயிலில் படிக்கட்டு மட்டும் இருப்பது அழகன்று.

பணியில் அடிபட்ட செய்தி கேட்டதும், துக்கம் விசாரிக்கச் செல்வதோடு நில்லாமல், விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவர் தாளும் எழுதுகோலும் எடுத்துச் செல்ல வேண்டும். முதல் வாரத்தில் எழுதும் ஒரு விண்ணப்பம், 10 ஆண்டு வழக்கைத் தவிர்க்கக்கூடும்.

இளைஞர்களே, அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் ஆட்சிக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பு வகித்தவர். சாதியை எதிர்த்த அவரே தொழிலாளியின் பாதுகாப்பையும் தம் பொறுப்பாகக் கொண்டார். உழைப்பவன் உடல் நலிந்தபின் தெருவில் நிற்கலாகாது என்பது அவர் வழியில் வந்த நமக்குப் புதிய கருத்தன்று. சட்டப் புத்தகத்தில் அவ்வுரிமை ஏறிவிட்டது. அதனை நம் தெருவுக்கு இறக்கிக் கொண்டு வருவது படித்தவர்களின் கடன். 25 ஆண்டுகள் இச்சங்கம் கற்றுக்கொடுத்த எழுத்து அந்தக் கடனைத் தீர்ப்பதற்கே பயன்படட்டும்.